யானைமலைக்கு முன்னால் ஒரு கண்மாய் இருந்தது

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் ஒரு சீனரி வரையத் தெரியும். முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை, வானத்தில் நாலு பறவை. மலைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்த தென்காசிப் பிள்ளையும் இதைத்தான் வரைந்தது. மலையையே பார்த்திராத நாகப்பட்டினத்துப் பிள்ளையும் இதைத்தான் வரைந்தது. மதுரையில் நாங்களும் அதையேதான் வரைந்தோம். ஊருக்கு வடகிழக்கே முக்கோணத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாமல் ஒரு மலை படுத்துக் கிடந்தது. அதை எங்களில் ஒருவரும் தாளில் இறக்கியதில்லை.

எங்கள் டிராயிங் வாத்தியாருக்கு அது பொறுக்காது. நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இந்த மலைய நீ எங்க பாத்த?" என்று கேட்பார். யாரிடமும் பதில் இருக்காது. "பாக்காத மலைய வரைஞ்சு வச்சிருக்க. பாத்த மலை அந்தாக் கெடக்கு. போயி நல்லாப் பாத்துட்டு வா, அப்புறம் பென்சிலத் தொடு" என்பார். மற்றப் பையன்கள் சிரித்துவிட்டு விளையாடப் போனார்கள். நான் போய்ப் பார்த்தேன். இன்றுவரை நான் வரைந்த அத்தனை நிலக்காட்சிகளுக்கும் அவர் சொன்ன அந்த வார்த்தைதான் தொடக்கம்.

யானைமலை ஒரே பாறை. துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்திருக்கும் யானையைக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுரைக்காரர்கள் தங்களைச் சுற்றியிருந்த மலைகளுக்கெல்லாம் இப்படி உருவம் பார்த்து வைத்திருந்தார்கள். மேற்கே நீண்டு கிடப்பது நாகமலை. தெற்கே பசுமலை. சமணர்கள் ஏவிய யானையையும் நாகத்தையும் மாயப்பசுவையும் சொக்கநாதர் அடக்கியதாகவும், அவை மலையாகிக் கிடப்பதாகவும் திருவிளையாடல் கதை சொல்லும். சமயப் பூசலின் தழும்பு அந்தக் கதையில் உண்டு. ஆனால் ஓவியனாக நான் அதில் வேறொன்றையும் காண்கிறேன். வயலில் குனிந்து நிமிர்ந்தவர்களும், ஆடு மேய்த்தவர்களும், வண்டியோட்டிப் போனவர்களும் தலைமுறை தலைமுறையாக அந்த மலைகளைப் பார்த்துப் பார்த்து, இது முதுகு, இது படம், இது திமில் என்று கோடு பிரித்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் மதுரையை வரைந்தவர்கள் அவர்கள்தாம். தாள் மட்டும் அவர்களிடம் இல்லை.

சைக்கிள் ஓட்டும் வயது வந்ததும் மேலூர் சாலையில் போய் உட்கார்ந்து வரைவது எனக்குப் பழக்கமாயிற்று. அந்தப் பாறை ஒரு நாளில் எத்தனை நிறம் மாறும் என்பதை அங்கேதான் படித்தேன். ஊர்ப்பக்கமிருந்து பார்த்தால் காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இருக்கும். அப்போது மலையில் மேடு பள்ளம் எதுவும் தெரியாது. நீலம் கலந்த சாம்பலாக ஒரே பரப்பாக நிற்கும். உச்சிவேளையில் வெளுத்துத் தட்டையாகிவிடும். மாலையில் மேற்கு வெயில் நேராக அதன்மேல் விழும்போது பாறையின் ஒவ்வொரு மடிப்பும் எழுந்து நிற்கும். சாம்பலுக்குள் ஒளிந்திருந்த செம்மை வெளியே வரும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், தண்ணீர் வழிந்த தடமெல்லாம் கறுப்புப் பட்டைகளாக மேலிருந்து கீழே இறங்கியிருக்கும். கடையில் விற்கும் கறுப்பை வெள்ளையோடு கலந்து அந்தச் சாம்பலை எடுக்கவே முடியாது. அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் சியன்னாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் ஓரிடத்தில் யானைமலையின் நிறம் வந்து நிற்கும். நீலத்தைக் கூட்டினால் காலை. சியன்னாவைக் கூட்டினால் மாலை.

மலைக்குப் பின்புறம் நரசிங்கம். அங்கே பாறையைக் குடைந்த பெருமாள் கோயில் இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி 770ஆம் ஆண்டு வாக்கில் எடுப்பித்தது. மலைமேல் ஏறினால் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள். அவற்றின்மேல் பழைய வண்ணப் பூச்சின் மிச்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது. முதன்முதலில் அதைப் பார்த்த நாளில் வெகுநேரம் அங்கேயே நின்றேன். இந்தப் பாறையில் தூரிகை பிடித்த ஒருவன் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இதே வெயிலில், இதே காற்றில் நின்றிருக்கிறான் என்ற எண்ணம் கொடுத்த தெம்பை எந்தப் பரிசும் எனக்குக் கொடுத்ததில்லை.

ஆனால் மலையை மட்டும் வரைந்தபோதெல்லாம் படம் ஏதோ குறைபட்டே நின்றது. வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தாளின்மேல் விரலால் மூன்று பட்டை போட்டுக் காட்டினார். "இது முன்னால. இது பின்னால. மலை பின்னால வந்துருச்சு, முன்னால ஒரு பனைய நட்டுட்ட. நடுவுல என்ன இருக்கு? நடுவுலதாம்ப்பா தூரம் இருக்கு. அத விட்டுட்டா மலை வந்து மூக்குல இடிக்கும்" என்றார்.

மதுரையில் அந்த நடுவை நிறைத்தவை கண்மாய்களும் அவற்றின் ஆயக்கட்டு வயல்களும்தான். ஊரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் ஒரு கரை எதிர்ப்படும். கரைமேல் ஏறினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் பச்சை, பச்சைக்கு அப்பால் மலை. தண்ணீரில் பாதி முங்கிய கருவேல மரங்களில் நாரைகள் அடைந்திருக்கும். முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி, நாம் எதிர்பார்க்காத இடத்தில் எழும். நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயிலில் காய வைத்திருக்கும். மடைப்பக்கம் கருப்பசாமி அரிவாளோடு காவலிருப்பார். மார்கழியில் மறுகால் பாயும் சத்தம் கலுங்குக்கு வெகுதூரம் முன்னாலேயே கேட்கும். கோடையில் தண்ணீர் வற்றி வரும்போது ஊர் கூடி மீன்பிடி நடக்கும். ஊத்தாக் கூடையும் வலையுமாகச் சேற்றில் இறங்கும் ஆட்களை எத்தனை முறை வரைந்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

கண்மாய் படத்துக்குள் தூரமாக மட்டும் இருக்கவில்லை. படம் போடுவதற்கும் துணையாக இருந்தது. வாட்டர் கலரில் வானத்துக்கு வாஷ் விடும்போது தாள் முழுக்க ஈரம் நிற்க வேண்டும். மதுரை வெயிலில், அதுவும் அக்கினி நட்சத்திரத்தில், தூரிகை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போவதற்குள் தொடங்கிய இடம் காய்ந்து கோடு விழுந்துவிடும். அதே தாளைப் பொழுது சாயும் நேரத்தில் தண்ணீரோரம் உட்கார்ந்து விரித்தால் ஈரம் நமக்காகக் காத்திருக்கும். ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் மெல்ல இறங்கும். என் பழைய படங்களில் வானம் அவ்வளவு மென்மையாக இருப்பதற்குக் காரணம் கண்மாய்க்காற்றின் ஈரம்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் என் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, மலையவா வரையிற?"

"ஆமாங்கய்யா."

"மலைய மட்டும் வரைஞ்சா எப்புடி? மலையில விழுந்த தண்ணி எங்க வந்து சேருதுன்னு வரைஞ்சாத்தான மலை."

அவர் ஓவியத்தைப் பற்றி நினைத்துச் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் சொன்னார். மொட்டைப் பாறை மழையைக் குடித்து வைத்துக்கொள்ளாது. சுனைகளில் தேங்கியது போக மற்றதையெல்லாம் வழித்து அடிவாரத்துக்கு அனுப்பிவிடும். அதை மடக்கிப் பிடிக்கத்தான் முன்னோர்கள் மலையடிவாரங்களில் கரை போட்டார்கள். மலை முடிகிற இடத்தில் கண்மாய் தொடங்குகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று அந்த மனிதர் காட்டிக் கொடுத்தார். வாத்தியார் சொன்ன நடுவும் பெரியவர் சொன்ன தண்ணீரும் என் மனத்தில் அன்றைக்கு ஒன்றாகச் சேர்ந்தன.

வைகை எனக்கு நிறங்களைக் கற்றுத்தந்தது. நான் சிறுவனாயிருந்தபோது ஆற்றில் தண்ணீர் ஓடிய நாட்களைவிட மணல் கிடந்த நாட்களே அதிகம். அந்த மணலுக்கு ஒரு பொன்வெளுப்பு உண்டு. அதன்மேல் சுங்குடிச் சேலைகளைச் சாயம் தோய்த்து நீள நீளமாகக் காய வைத்திருப்பார்கள். அரக்குச் சிவப்பு, மாந்தளிர், மயில்கழுத்து, கருநீலம், மஞ்சள். 1889இல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தின்மேல் நின்று கீழே பார்த்தால், பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு சேலைகளில் ஒன்று மற்றதை எப்படித் தூக்கிக் காட்டுகிறது என்று தெரியும். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு ஏன் துடிக்கிறது, நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் ஏன் முன்னால் வருகிறது என்பதையெல்லாம் பின்னால் ஓவியப் புத்தகங்களில் படித்தேன். படித்தபோது எனக்கு அது புதிதாக இல்லை. சித்திரையில் அழகர் இறங்கும்போது அதே மணலில் ஜனம் நிறைந்து, மனித முகங்களும் தண்ணீர் பீய்ச்சும் தோல்பைகளும் விசிறிகளுமாக ஆறே நிறம் மாறிவிடும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே மையமண்டபம் அசையாமல் நிற்கும்.

இன்று மணல் போய்விட்டது. அள்ளிய இடமெல்லாம் பள்ளமாகி, பள்ளத்தில் நாணலும் கருவேலும் மண்டி, ஊர்ச் சாக்கடை தேங்கிக் கிடக்கிறது. இரு கரையிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டாயிற்று. சேலை காயப்போட இப்போது அங்கே இடம் இல்லை.

அந்தக் காலத்து போட்டோ ஸ்டுடியோக்களில் பின்னால் ஒரு திரை தொங்கும். ஏரி, அதில் அன்னம், தூரத்தில் பனிமலை, ஓரத்தில் மாடிப்படி. கல்யாணமான புதுசில் மதுரைத் தம்பதிகள் எல்லாரும் அந்தப் பனிமலைக்கு முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் திரைகளை எழுதியவர்கள் பெரும்பாலும் சினிமா பேனர் ஆர்டிஸ்ட்டுகள். தங்கம் தியேட்டர் வாசலில் கட்டிய ஆளுயர முகங்களை எழுதிய கைகள். அவர்களில் ஒரு அண்ணனிடம் விடுமுறை நாட்களில் பவுடர் கலரும் எண்ணெயும் குழைத்துக் கொடுக்கப் போவேன். பெரிய தட்டைப் பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, "வானத்த மேலேருந்து ஆரம்பி. கீழ வர வரக் கைய லேசாக்கு. தரையத் தொடுற எடத்துல வானம் வெளுத்துரணும்" என்று சொல்லிக்கொடுத்தார். நாயகன் முகத்துக்குப் பின்னால் யாரும் கவனிக்காத மூலையில் அவர் எழுதிய மலை பல நேரம் நம் யானைமலையாகவே இருக்கும். எனக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக அதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். ஃப்ளெக்ஸ் வந்தது, சில ஆண்டுகளில் அந்தத் தொழில் முடிந்தது. தங்கம் தியேட்டரையும் இடித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய துணியில் ஒரு வானத்தை ஒரே மூச்சில் இறக்கத் தெரிந்த கைகள் இன்று இந்த ஊரில் அநேகமாக இல்லை.

மதுரையை வரைய வெளியூர்க்காரர்களும் வந்திருக்கிறார்கள். தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் இந்தப் பக்கம் வந்தார்கள். நாயக்கர் அரண்மனை அப்போது இடிந்து கிடந்தது. அவர்கள் 1798இல் அச்சிட்டு வெளியிட்ட படத்தில் தூண்களின் பிரம்மாண்டமும் இடிபாட்டின் மேல் முளைத்த செடிகொடிகளும் அப்படியே இருக்கின்றன. பின்னால் நேப்பியர் பிரபு காலத்தில் அரண்மனையைப் பழுது பார்த்தார்கள். நாம் இன்று பார்ப்பது அந்த மிச்சத்தை. பழுது பார்ப்பதற்கு முன்னால் அது எப்படிக் கிடந்தது என்று தெரிந்துகொள்ள அந்த இரண்டு வெள்ளைக்காரர்களின் படம் இன்றும் நமக்கு உதவுகிறது. நிலக்காட்சி ஓவியன் தன் காலத்துக்குச் செய்யும் வேலை இதுதான் என்று நான் நம்புகிறேன். அழகாக இருக்கிறது என்று எண்ணி அவன் வரைகிறான். அது ஒரு சாட்சியாக மாறுவது பிற்பாடு.

நம்மூர்க்காரர் ஒருவர் அந்தச் சாட்சியத்தைத் தவமாகவே செய்தார். 1936இல் மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ், பார்வையை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருக்கிக்கொண்டே வரும் நோயோடு வாழ்ந்தவர். கண் குறுகக் குறுக அவருடைய பேனாக் கோடுகள் நுட்பமாகிக்கொண்டே போயின. மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களையும், மதுரைத் தெருக்களையும், தம் இளமைக்கால ஊரையும் ஒரு செங்கல்லைக்கூட விடாமல் தாளில் சேர்த்து வைத்தார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022இல் மறைந்தார். அவருடைய படங்களின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அவர் கண்ணில் காட்சி சுருங்கிவந்த அதே காலத்தில்தான், முழுப் பார்வை இருந்த எங்களுக்கு ஊரே சுருங்கிக்கொண்டிருந்தது.

தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சிக் கட்டடம் நிற்கிறது. உலகனேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளை எழுந்தது. 2004 ஜூலையில் திறந்தார்கள். தென்மாவட்ட மக்கள் ஒவ்வொரு வழக்குக்கும் சென்னைக்கு அலைந்த துன்பம் தீர அந்த நீதிமன்றம் வேண்டியிருந்தது; அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பொதுவேலைக்கு நிலம் தேடும்போதெல்லாம் முதலில் கைவைக்கக் கிடைத்தது தண்ணீரின் நிலமாகவே இருந்தது. அலுவலகம் வந்தது, பின்னாலேயே கடைகள், குடியிருப்புகள், மண்டபங்கள். மேலூர் சாலையில் நான் போர்டைச் சாய்த்து உட்கார்ந்த இடங்களில் இப்போது நின்றால் மலையின் முதுகில் ஒரு துண்டு தெரியும். அதற்கும் குறுக்கே விளம்பரத் தட்டி இருக்கும்.

மேலூர்ப் பக்கம் மலைகளே போயின. கீழவளவைச் சுற்றிக் கிரானைட்டுக்காக வெட்டிய குன்றுகளின் இடத்தில் ஆழமான குழிகள் இருக்கின்றன. குழிகளில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. அங்கே வரைந்த பழைய படம் ஒன்று என்னிடம் உண்டு. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தைத் தேடினால் அடையாளம் சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை.

யானைமலைக்கே 2010ஐ ஒட்டி ஆபத்து வந்தது. மலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. ஒத்தக்கடை, நரசிங்கம் மக்கள் எதிர்த்து எழுந்தார்கள், யோசனை கைவிடப்பட்டது. அந்த ஆண்டுகளில்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் பசுமை நடையைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குடும்பம் குடும்பமாக மலைகளுக்கு நடந்துபோய், கல்வெட்டையும் சிற்பத்தையும் பார்த்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வருகிற வழக்கம் இந்த ஊரில் வேர்விட்டது. என் டிராயிங் வாத்தியார் இருந்திருந்தால் முதல் ஆளாகக் கிளம்பியிருப்பார்.

அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது, மீனாட்சிபுரத்தையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், பாறை இடுக்கில் கூடு கட்டும் வல்லூறுகள், சமணர் படுக்கை, குடைவரைக் கோயில் எல்லாம் ஒன்றுக்கொன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊர் அது. பிறகு அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக மக்கள் திரண்டு மதுரை வரைக்கும் ஊர்வலமாக வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த மக்கள் மலையை மட்டும் கேட்கவில்லை. வயலையும் கண்மாயையும் மேய்ச்சலையும் சாமியையும் சேர்த்து ஒன்றாகவே கேட்டார்கள். ஆட்டுக்காரப் பெரியவர் எனக்குச் சொன்னதை அவர்கள் ஊராகச் சேர்ந்து அரசுக்குச் சொன்னார்கள்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்று விதி இருக்கிறது. கோபுரம் இருந்தால் போதாது, கோபுரம் கண்ணில் பட வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட விதி அது. அந்த மரியாதையை நம் மலைகளுக்கும் கேட்கிறேன். யானைமலையை யாரும் இனி வெட்ட மாட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்க்க நிற்க ஒரு கரை இல்லை என்றால் அடுத்த தலைமுறைக்கு அது வரைபடத்தில் ஒரு பெயராகத்தான் இருக்கும். வண்டியூர்க் கண்மாய் இன்னும் இருக்கிறது. அதன் கரையில் நின்றால் யானை முழுதாகத் தெரியும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. திருப்பரங்குன்றத்துக்குத் தென்கால் கண்மாய் இருக்கிறது. தண்ணீர் நிறைந்த ஆண்டில் குன்று தலைகீழாக அதில் இறங்கி நிற்கும். கீழக்குயில்குடியில் சமணமலை அடிவாரத்துத் தாமரைக் குளம் இருக்கிறது. இவற்றின் கரைகளை விடக்கூடாது. இவற்றுக்கும் மலைகளுக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் வெட்டவெளியையும் விடக்கூடாது.

ஓவியம் கற்றுக்கொள்ள என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் வண்ணம் கொடுப்பதில்லை. இந்தக் கரைகளில் ஏதாவது ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். முன்னால் என்ன, பின்னால் என்ன, நடுவில் என்ன என்று கேட்கிறேன். நடுவில் இருக்கும் தண்ணீரின் பெயரையும், அது எந்த மலையிலிருந்து வருகிறது, எந்த மடை வழியாக எந்த வயலுக்குப் போகிறது என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டு வரச் சொல்கிறேன். கரையிலிருக்கும் பெரியவர்களிடம் பேசாமல் அதைத் தெரிந்துகொள்ள முடியாது. தன் ஊர்க் கண்மாயின் பெயரும் வழியும் தெரிந்த பிள்ளை, நாளைக்கு அதில் மண் கொட்ட லாரி வரும்போது ஏன் என்று கேட்கும். அப்படிக் கேட்கத் தெரிந்த பத்துப் பேரை உண்டாக்கிவிட்டால், நான் கற்றுக்கொடுத்த ஓவியம் வேலை செய்துவிட்டது என்று சொல்வேன்.